பந்தயப் பாதையும் பார்வையாளர் தீர்ப்பும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் பழைய ஆசிரியர்களையும் பழைய மைதானத்தையும் பற்றியே வரைவர். அது முறையே. எனினும், பிழைப்பின்பொருட்டு மலேசியா சென்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு வாழ்ந்துவிட்ட எம்மைப் போன்றோர், சென்ற இடத்திற் கண்ட ஒன்றைத் தாயிடம் கொண்டுவந்து காட்டுவதும் பிள்ளைகளுக்கு இயல்பேயாம். ஆதலின் யாம் ஈண்டு மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் பந்தயம் ஒன்றைப் பற்றி, இன்னும் திருத்தமாகச் சொல்வதாயின், அப்பந்தயத்தைப் பார்த்தவர்களின் அபிப்பிராயங்களைப் பற்றி எழுத எண்ணினோம். மூத்த வாசகர் முகஞ் சுளியாதிருப்பாராக. இளைய வாசகர் இவ்விடயத்தை எம்மினும் நன்கறிவர்.

மோட்டோ ஜீ.பீ. என உலகம் அழைக்கும் இப்பந்தயத்தின் தன்மையை முதலிற் சிறிது கூறுதல் தகும். ஓராண்டிற் பல நாடுகளில் நிகழும் பந்தயங்களில் வீரர் ஈட்டும் புள்ளிகளைக் கூட்டி, ஆண்டிறுதியில் உலக வாகை சூட்டுவர். முதல்வருக்கு 25, இரண்டாமவருக்கு 20, மூன்றாமவருக்கு 16, நான்காமவருக்கு 13 எனப் புள்ளிகள் இறங்கிச் செல்லும். வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை, புறப்படும் வரிசையை நிருணயிக்கும் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். 2023ஆம் ஆண்டு முதல் சனிக்கிழமையிற் குறும்பந்தயம் ஒன்றும் சேர்க்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 160 கிலோகிராம் நிறையுள்ள யந்திரம், நேர்ப்பாதையில் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் பாயும். வளைவுகளில் வீரனுடைய முழங்காலும் முழங்கையும் நிலத்தை உரசும். காரிற் செல்பவனைச் சுற்றி ஒரு கூடேனும் உண்டு; இவனுக்கோ தலைக்கவசமும் தோலாடையுமே துணை. இதனை வாசகர் மனத்திற் கொள்ளல்வேண்டும். எம் கட்டுரையின் பொருள் இதனையே பற்றி நிற்கின்றது.

எம் தமக்கையாரின் கணவர், யாழ்ப்பாணத்திற் பிறந்து இளமையிலேயே கோலாலம்பூர் சென்று பொறியியல் தொழில் பார்த்தவர். எம்மவர் மலாயா சென்று ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்த பழைய கதை இம்மலரின் வாசகர் அறியாததன்று. அத்தானின் பாட்டனாரும் அவ்வழிச் சென்றவரே. 1996ஆம் ஆண்டு பங்குனி 31ஆந் தேதி, கோலாலம்பூரை அடுத்த ஷா ஆலம் பாதையில், 17 வயது நிரம்பிய இத்தாலிய இளைஞன் ஒருவன் 125 சீ.சீ. பிரிவில் தன் முதலாவது உலகப் பந்தயத்தை ஓடினான். வலன்ரீனோ றொசி என்பது அவன் பெயர். அன்று பாதையோரம் நின்றவருள் அத்தானும் ஒருவர். "பயிரை முளையிலை கண்டனான், தம்பி" என்று அவர் எமக்குச் சொல்லாத ஆண்டில்லை. பயிரும் பொய்க்கவில்லை. 2009ஆம் ஆண்டிற்குள் றொசி 9 முறை உலக வாகை சூடினார். அவற்றுள் 7 மிக உயர்ந்த பிரிவிற் பெற்றவை. அத்தான் வீட்டு விறாந்தையில் 46 என்ற இலக்கம் பொறித்த மஞ்சட் கொடி ஒன்று பல்லாண்டு தொங்கியது. தமக்கையார் அதனைத் தோய்ப்பதற்கும் உத்தரவு பெறல் வேண்டியிருந்தது.

அவ்வீட்டிலேயே எதிர்க்கட்சியும் பிறந்து வளர்ந்தது. எம் மருமகன், அத்தானின் ஒரே மகன், ஸ்பானிய வீரர் மார்க் மார்க்கெஸ் என்பவரின் அபிமானி. மார்க்கெஸ் 2013, 2014 ஆகிய ஈராண்டிலும் அடுத்தடுத்து உயர்பிரிவு வாகையைச் சூடியவர். மருமகனுக்கு ஒத்த வயதினர். மூத்தோர் போற்றிய வீரனை விடுத்துத் தன் வயதொத்த ஒருவனைத் தெரிவதில் இளைஞர்க்கு ஒரு தனி இன்பம் உண்டு போலும். சில ஆண்டுகள் இஃது அவ்வீட்டிற் சிரிப்புக்கே இடமாயிருந்தது. 2015ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலேதான் சிரிப்பு நின்றது.

அவ்வாண்டு 18 பந்தயங்களில் 16 முடிந்திருந்தன. 36 வயதினரான றொசி தம் பத்தாவது வாகையை நோக்கி 11 புள்ளிகள் முன்னணியில் நின்றார். அவரைத் துரத்தியவர், அவருடைய யமஹா அணியிலேயே ஓடிய ஸ்பானியர் ஹோர்ஹே லொறென்சோ. மார்க்கெஸ் வாகைப் போட்டியில் இல்லை. பதினாறாவது பந்தயம் அவுஸ்திரேலியாவின் பிலிப் தீவில் நடந்தபோது, மார்க்கெஸ் வென்றார், லொறென்சோ இரண்டாமிடம், றொசி நான்காமிடம். அடுத்த பந்தயம் மலேசியாவின் சேப்பாங் பாதையில். ஐப்பசி 22ஆந் தேதி வியாழக்கிழமை, அங்கு நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில், மார்க்கெஸ் பிலிப் தீவில் வேண்டுமென்றே தம்முடன் விளையாடி லொறென்சோவுக்கு உதவினார் என்று றொசி வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார்.

அன்றிரவே அத்தான் வீட்டில் வழக்குத் தொடங்கிற்று. "கடைசிச் சுற்றிலை லொறென்சோவை முந்தி, அவரின்ரை அஞ்சு புள்ளியைப் பறிச்சவரல்லோ மார்க்கெஸ்? உதவுறவன் அப்படிச் செய்வானோ, அப்பா?" என்பது மகன் வாதம். "கடைசியிலை முந்தினது சரி. அதுக்கு முன்னம் எத்தினை சுற்று இவரை மறிச்சவன்? அதைச் சொல்லன்" என்பது தந்தையின் மறுப்பு. இரண்டும் உண்மையாயின, இரண்டினாலும் ஒன்றும் நிறுவப்படவில்லை. வீரனொருவனின் உள்ளத்தில் இருந்த எண்ணத்தைச் சுற்றுகளின் கணக்கால் அளத்தல் எங்ஙனம்?

அந்த ஐப்பசியிற் சுமத்திராவிலும் போர்ணியோவிலும் எரிந்த காடுகளின் புகை மலேசியாவைக் கவிந்திருந்தது. பந்தயம் நடைபெறுமோ என்ற ஐயமும் இருந்தது. நடைபெற்றது. 25ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை தந்தை, மகன், யாம் மூவரும் ஒரே காரிற் சென்று, இரு நேர்ப்பாதைகளுக்கும் நடுவே அமைந்த பெரிய கொட்டகையில் அருகருகே அமர்ந்தோம். எங்கு நோக்கினும் மஞ்சள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி 46ஆம் இலக்கத்தை அணிந்திருந்தனர். மருமகன் அம்மஞ்சட் கடலில் ஒரு சிவப்புத் தொப்பியுடன் இருந்தான்.

பந்தயம் 20 சுற்று. பெட்றோசா முன்னே, லொறென்சோ இரண்டாவது, பின்னே றொசியும் மார்க்கெஸும் மூன்றாமிடத்திற்குப் பொருதினர். வளைவுக்கு வளைவு ஒருவரை ஒருவர் முந்தினர். அத்தகைய ஓட்டத்தை யாம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஏழாவது சுற்றில், பதினான்காவது வளைவில், உட்புறத்தே சென்ற றொசி வேகங் குறைத்து, வெளிப்புறத்தே இருந்த மார்க்கெஸைத் திரும்பி நோக்கியவாறு பாதையின் விளிம்பை நோக்கி அகன்றார். இருவரும் முட்டினர். றொசியின் கால் அசைந்தது. மார்க்கெஸ் வீழ்ந்தார்.

அவ்வளைவு எம் ஆசனத்திலிருந்து நேரே தெரிவதன்று. யாம் மூவரும், சுற்றியிருந்தோர் அனைவரும், பெரிய திரையிலே ஒரே படத்தையே கண்டோம். அது மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. மருமகன் எழுந்து, "உதைச்சவர்! காலாலை உதைச்சவர்! காணேல்லையே, அப்பா?" என்று கூவினான். அத்தானும் எழுந்தார். "உதைச்சதோ? அவன்தான் வந்து இடிச்சவன். இடிச்சதிலை கால் வழுக்கினது. வடிவாய்ப் பார்!" ஒரே படம், ஒரே குருதியிற் பிறந்த இரண்டு சோடிக் கண்கள், கண்டவை இரண்டு. சுற்றியிருந்தோருட் பலர் வீழ்ந்தவரைக் கண்டு ஆரவாரித்தனர். அவர் எழுந்து நடந்ததைத் திரை காட்டுமுன்னரே அவ்வாரவாரம் எழுந்துவிட்டது. எம் நெஞ்சில் இன்றளவும் உறுத்துவது அவ்வொலியே.

அன்றைய நடுவர் தீர்ப்பு, இரு கட்சியாருக்கும் இனித்ததன்று. மார்க்கெஸ் வேண்டுமென்றே றொசியின் ஓட்டத்தைத் தாமதிக்க முயன்றார் என்றும், எனினும் அவர் விதியொன்றையும் மீறவில்லை என்றும் அவர்கள் கூறினர். உதைத்தார் என்பது நிறுவப்படவில்லை. ஆயினும் றொசி வேண்டுமென்றே அகன்று சென்று மற்றவரைப் பாதையினின்றும் ஒதுக்கினார். அதனால் முட்டல் நேர்ந்தது. ஆதலின் அவருக்கு 3 தண்டப் புள்ளிகள் எனத் தீர்த்தனர். அவ்வாண்டு மிசானோவிற் பெற்ற ஒன்றும் சேர்ந்து நான்காயிற்று. நான்கானால் அடுத்த பந்தயத்தில் வரிசையின் கடைசியிலிருந்து புறப்படல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. எம் அபிப்பிராயத்தை வினவுவோர்க்கு, அத்தீர்ப்பு நேர்மையானதே என்போம். விதிக்குட்பட்ட செயல் யாவும் பெருந்தன்மையான செயல் அன்று. பெருந்தன்மையற்ற ஒருவனை வீழ்த்துதற்கு விதி எவருக்கும் உரிமை தருவதுமில்லை.

ஆனால் அபிமானிகளின் நீதிமன்றத்தில் இத்தகைய தீர்ப்புக்கு இடமேது? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தாற் பொன்சட்டி என்பது எம்மூர்ப் பழமொழி. காரில் வீடு திரும்பும்போது அப்பழமொழியின் முழுப்பொருளையும் உணர்ந்தோம். ஸ்பானியர் யாவரும் சேர்ந்து செய்த சதி என்றார் அத்தான். பத்தாவது வாகைக்காக ஒரு கிழவர் செய்த அநீதி என்றான் மருமகன். ஒவ்வொரு சான்றும் ஒவ்வொருவருக்கும் முன்னரே முடிந்திருந்த முடிவுக்கே துணையாயிற்று. அவர்கள் பேசியது றொசியையும் மார்க்கெஸையும் பற்றியன்று; தாம் கொண்ட அன்பைப் பற்றி. அத்தான் தம் இளமையைக் காத்து நின்றார். மருமகன் தன் இளமையைக் காத்து நின்றான்.

இதனிடையே ஒருவரை அனைவரும் மறந்துவிட்டனர். அன்றைய பந்தயத்தை வென்றவர் டானி பெட்றோசா. உருவிற் சிறியவர். அவ்வாண்டின் தொடக்கத்தில் முன்கைத் தசைநோயினாற் சத்திரசிகிச்சை செய்து, மூன்று பந்தயங்களை இழந்தவர். இனி ஓடுவாரோ என்று பலர் ஐயுற்றனர். அவர் சேப்பாங்கில் முன்வரிசையின் முதலிடத்திற் புறப்பட்டு முதலிடத்திலேயே முடித்தார். இன்று அந்நாளைப் பற்றிப் பேசுவோருட் பலர் அவர் பெயரைக் கூறுவதில்லை. பகை பெருத்த இடத்திற் கலை மறக்கப்படும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று யாம் அறியோம்.

அன்றிரவு தொட்டுத் தந்தையும் மகனும் பேசவில்லை. தண்டனையை நிறுத்திவைக்குமாறு லோசான் நகரத்து விளையாட்டு நடுவர் மன்றத்தில் றொசி செய்த விண்ணப்பம் தள்ளப்பட்டது. கார்த்திகை 8ஆந் தேதி வலென்சியாவில், கடைசியிலிருந்து புறப்பட்ட றொசி நான்காமிடம் வரை ஏறி வந்தார். லொறென்சோ வென்றார், மார்க்கெஸ் அவர் பின்னாலேயே இரண்டாவதாக வந்தார். வாகை லொறென்சோவுக்கு, 330 புள்ளிகள், றொசிக்கு 325. அத்தான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கொடியைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்தார். மருமகன் தன் அறையினின்றும் வெளியே வரவில்லை. தைப்பொங்கல் வரை அவர்களிடையே செய்தி கொண்டுசென்றவர் எம் தமக்கையார். பின்னர் பேச்சுத் திரும்பியது. பழைய நகைப்புத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு மருமகன் மெல்பேண் நகருக்கு மேற்படிப்பின்பொருட்டுச் சென்றான். விமான நிலையத்தில் இருவரும் கைகுலுக்கினர். அத்தான் கண்ணில் நீர் தோன்றவில்லை. அதனால் எமக்கு வருத்தம் மிகுந்தது.

இது சிறுபிள்ளைத்தனம் என்று வாசகர் கருதலாம். அபிமானம் என்பது எளிதில் விட்டுவிடக்கூடிய பொருளன்று. பெருமாட்ச் நாட்களில் எம் கல்லூரியின் கொடி பிடித்து வெய்யிலில் நின்றவர் எவரும் அதனை அறிவர். அபிமானம் இல்லாதார்க்குப் பந்தயமும் இல்லை. ஆனால் மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்திற் பக்கத்தின் பெயரால் எழும் ஆரவாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைச் சேப்பாங் மண்ணே முன்னர்க் காட்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு ஐப்பசி 23ஆந் தேதி, அதே பாதையில், இரண்டாஞ் சுற்றில், 24 வயதினரான இத்தாலிய வீரர் மார்க்கோ சிமொன்செல்லி வீழ்ந்தார். பின்னே வந்த இரு யந்திரங்கள் தவிர்க்கவியலாது அவரை மோதின. அவர் உயிர் துறந்தார். அவ்விரு வீரருள் ஒருவர் றொசி. இறந்தவர் அவருடைய உற்ற நண்பர். 2015ஆம் ஆண்டுப் பயிற்சி தொடங்கிய வெள்ளிக்கிழமை, அவர் இறந்த அதே தேதி. இரண்டு நாள் கழித்து அப்பாதையிலே ஒருவர் வீழ்ந்தபோது எம்மைச் சுற்றியிருந்தோர் ஆரவாரித்தனர்.

வீரர்கள் தம் அபிமானிகளினும் விரைவில் இதனை உணர்ந்தனர். 2016ஆம் ஆண்டு ஆனி 3ஆந் தேதி, பார்சலோனாவிற் பயிற்சியின்போது லூயிஸ் சலோம் என்ற 24 வயது வீரர் வீழ்ந்து இறந்தார். இரண்டு நாள் கழித்து அங்கு நடந்த பந்தயத்தில் றொசி முதலாவதாகவும் மார்க்கெஸ் இரண்டாவதாகவும் வந்தனர். யந்திரத்தை விட்டு இறங்கியதும் இருவரும் கைகொடுத்துக் கொண்டனர். பின்னரும் அவர்களிடையே பூசல் எழுந்ததுண்டு. 2018ஆம் ஆண்டு ஆர்ஜென்ரீனாவில் மார்க்கெஸ் மோதியதால் றொசி வீழ்ந்தார். அவர்கள் நண்பராயினர் என்று யாம் கூறவில்லை. ஓர் உயிரின் முன்னே பகையை நிறுத்திவைத்தல் கூடும் என்பதை அன்று காட்டினர் என்றே கூறுகின்றோம்.

2020ஆம் ஆண்டு ஆடி மாதம் 19ஆந் தேதி, ஸ்பெயினின் ஹெரெஸ் பாதையில் மார்க்கெஸ் வீழ்ந்து, வலது மேற்கை எலும்பு முறிந்தது. அன்று யாம் அத்தான் வீட்டிலேயே இருந்தோம். யந்திரம் சரளைக் கல்லிற் புரண்டபோது அத்தான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. மார்க்கெஸ் கையைத் தாங்கியவாறு கிடந்ததைக் கண்டதும் தொலைபேசியை எடுத்தார். மெல்பேணில் அப்போது இரவு பத்து மணி கடந்திருக்கும். "தம்பி, முழிச்சிருக்கிறியே? பாத்தனியே? கைதான் போலை கிடக்கு. உயிருக்கு ஒண்டுமில்லை. யோசியாதை" என்றார். மறுமுனையிலிருந்து வந்தது எமக்குக் கேட்கவில்லை. அவர்கள் ஒரு மணித்தியாலம் பேசினர். ஐந்தாண்டில் அவ்வளவு நேரம் பேசியதை யாம் கண்டதில்லை.

மார்க்கெஸ் அக்கையில் நான்கு சத்திரசிகிச்சைகள் செய்ய நேர்ந்தது. றொசி 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார். மார்க்கெஸ் 2025ஆம் ஆண்டிலே, இத்தாலிய யந்திரமாகிய டுக்காட்டியில் மீண்டும் முன்னணியில் நின்றார். அவ்வாண்டு புரட்டாதி 13ஆந் தேதி மிசானோவிற் குறும்பந்தயத்தில் அவர் முன்னே சென்றுகொண்டிருந்து வீழ்ந்தபோது, அவர் ஓட்டியது தம் நாட்டு யந்திரமேயாயினும், அங்குள்ள கூட்டத்தினர் பலர் மகிழ்ந்து ஆரவாரித்தனர். அப்பாதை சிமொன்செல்லியின் பெயரைத் தாங்கியது. 2010ஆம் ஆண்டில் ஷோயா தொமிசாவா என்ற 19 வயது ஜப்பானிய வீரர் உயிர் துறந்ததும் அவ்விடத்திலேயே. மறுநாள் மார்க்கெஸ் அங்கு வென்றார். இரு வாரத்தின் பின் ஜப்பானின் மொத்தேகியில் வாகையையும் சூடினார். அது அவருடைய ஒன்பதாவது, உயர்பிரிவில் ஏழாவது. கணக்கு றொசியின் கணக்குடன் சரியாயிற்று.

அன்று மருமகன் விடுமுறையில் வீடு வந்திருந்தான். தந்தையும் மகனும் ஒரே பலகணியருகே அமர்ந்து அதனைப் பார்த்தனர். முடிந்ததும் அத்தான் கைதட்டினார். "கெட்டிக்காரன்தான், இல்லையெண்டு சொல்லேலாது" என்றார். சிறிது பொறுத்து, "ஆனால் சேப்பாங்கிலை செய்தது பிழைதான்" என்றார். "அவர் உதைச்சதும் பிழைதான், அப்பா" என்றான் மகன். "உதைக்கேல்லை." "உதைச்சவர்." இருவரும் நகைத்தனர். தமக்கையார் தேநீர் கொண்டுவந்தார்.

வாசகர் கவனிக்கவேண்டியது, அபிப்பிராயம் இருபுறத்தும் அணுவளவும் மாறவில்லை என்பதே. மாறவேண்டிய அவசியமும் இல்லை. பத்தாண்டு பழைய வழக்கில் வெல்லாமலே தந்தை மகனை மீளப் பெற்றார். வீழ்ந்தவன் கையைத் தாங்கியபோது அவனை எதிர்க்கட்சியான் என்று காணாது மனிதன் என்று கண்ட அந்த ஒரு கணமே அதனைச் செய்தது.

எம் பள்ளிப்பருவத்தில், கிரிக்கெட் பொறுப்பாசிரியர் ஒருவர் இருந்தார். மறுபக்கத்தார் பவுண்டரி அடித்தாலும் நாம் கைதட்டல் வேண்டும் என்பது அவர் கட்டளை. மறுபக்கத்தான் காயமுற்றால் மைதானம் முழுதும் வாய்மூடி எழுந்து நிற்றல் வேண்டும் என்பது அதனினும் கண்டிப்பான கட்டளை. முதலாவது கட்டளையை நாம் பலமுறை மீறினோம். அவரும் பார்த்தும் பாராதிருந்தார். இரண்டாவதை மீற எவரையும் அவர் விட்டதில்லை. இன்று கல்லூரியிற் பயிலும் தம்பியர், கைபேசித் திரையில் உலகத்துப் பந்தயங்கள் யாவற்றையும் காண்கின்றனர். கண்ட அக்கணமே தீர்ப்பும் எழுதுகின்றனர். எழுதுக. கட்சி கட்டுக. உரத்து வாதாடுக. ஆயின் ஒருவன் வீதியிலே வீழ்ந்து கிடக்கையில், அவன் அணிந்த நிறம் எதுவாயினும், அவன் எழுந்து நிற்கும்வரை வாய் மூடி இருங்கள். அதன்பின் எஞ்சிய வழக்கைப் பேசுதற்கு நீண்ட ஆயுளும் அருகிருந்து கேட்பதற்கு உற்றாரும் உங்கட்கு வாய்ப்பாராக.